பெரியம்மா வீட்டு அரிசி மூட்டையும் என் நிலநடுக்கப் பலகையும்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம். சாப்பிட எழுந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். "டிவியில பாங்காக்ல கட்டிக்கிட்டிருந்த கட்டடம் ஒண்ணு அப்படியே பொலபொலன்னு கொட்டுதுடா. நம்ம பக்கம் ஏதும் வருமா?"

பெரியம்மா வீடு காரைக்காலில். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். 2004 டிசம்பருக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நிலநடுக்கச் செய்தி வந்தால் அடுத்து வருகிற கேள்வி இது ஒன்றுதான். இந்தோனேசியாவோ ஜப்பானோ சிலியோ, கேள்வி மாறாது. மூன்று செய்தித் தளங்களில் விளம்பரங்களைத் தள்ளிவிட்டுத் தேடினேன். மியான்மர், சகாயிங் என்ற நிலப்பிளவை ஒட்டி, அளவு 7.7, நிலத்துக்குள். "தரைக்குள்ளதாம்மா, கடல்ல இல்ல. அலை வராது" என்று நான் சொல்வதற்குள் பத்து நிமிடம் ஓடிவிட்டது. அதற்குள் அம்மா பெரியம்மாவுக்குப் பேசி, பெரியம்மா பக்கத்து வீட்டுக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

இரண்டாவது திரையில் எந்நேரமும் திறந்தே கிடக்கிற மாதிரி ஒரு உலக வரைபடம், அதில் கடந்த ஒரு நாளின் நிலநடுக்கங்கள், எழுத்தெல்லாம் தமிழில். அன்றைக்குத் தோன்றிய திட்டம் இதுதான், என் நிலநடுக்கப் பலகை. ரெடிமேடாகக் கிடைப்பவை இல்லாமல் இல்லை. லினக்ஸில் ஓடும் கேடிஈ-யின் மார்பிள் என்ற உலக உருண்டை மென்பொருளில் நிலநடுக்கத்துக்கென்றே ஒரு செருகு நிரல் இருக்கிறது. கூகுள் எர்த்தில் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யூ.எஸ்.ஜி.எஸ். தருகிற கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பைத் திறந்தாலே போதும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தெரிந்தவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தால் மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும். ஆனால் அவை தமிழ் பேசாது. அதோடு, கையும் சும்மா இருக்கவில்லை.

கையிலிருந்தது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், அதில் லினக்ஸ் மின்ட், நிரல் எழுதப் பைத்தான் மொழி. தரவுக்கு யூ.எஸ்.ஜி.எஸ். இலவசமாகத் தரும் பட்டியல்கள், இடத்தகவலுக்கென்றே உள்ள ஜியோஜேசான் என்ற வடிவத்தில். கடந்த ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என நான்கு கால அளவு. ஒவ்வொன்றிலும் எல்லாம், 1.0க்கு மேல், 2.5க்கு மேல், 4.5க்கு மேல், குறிப்பிடத்தக்கவை மட்டும் என்று ஐந்து வடிகட்டல். நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். பதிவு செய்துகொள்ளவோ அனுமதிச் சாவி எண் வாங்கவோ தேவையில்லை. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறேன். இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதற்காகக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கக்கூடாது.

முதல் நாளே ஒரு வேடிக்கை. வரைபடத்தில் புள்ளி சரியான இடத்தில் விழுகிறதா என்று சோதிக்க ஒரு நிலநடுக்கம் வேண்டும். எல்லாருக்கும் நினைவிருக்கும் 2023 பிப்ரவரி 6 துருக்கி நிலநடுக்கத்தை எடுத்தேன், அளவு 7.8. ஓடவிட்டேன். துருக்கியின் தெற்கில், சிரியா எல்லைக்குச் சற்று மேலே, கச்சிதமாக உட்கார்ந்தது. வேலை முடிந்தது என்று டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து அன்றைய முழுப் பட்டியலையும் ஏற்றினேன். சிலியில் விழவேண்டியதெல்லாம் அண்டார்டிகா ஓரக் கடலில் மிதக்கிறது. ஜப்பானையும் இந்தோனேசியாவையும் காணவே காணோம்.

ஜியோஜேசானில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை பிறகு. நாமெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து தலைகீழாகச் சொல்லிப் பழகியவர்கள். நானும் அப்படியே மாற்றி எழுதியிருந்தேன். ஜப்பானின் 142 டிகிரி கிழக்கை அட்சரேகையாக எடுத்துக்கொண்டால் அது வடதுருவத்தையும் தாண்டி, திரைக்கு வெளியே போய்விடும். சரி, துருக்கி மட்டும் எப்படித் தப்பியது? அந்த நிலநடுக்கத்தின் மையம் 37.2 வடக்கு, 37.0 கிழக்கு. இரண்டையும் மாற்றிப்போட்டாலும் அதே இடம்! உலகத்தில் இவ்வளவு இடமிருக்க, தப்பைக் காட்டிக்கொடுக்காத இடமாகப் பார்த்துச் சோதித்திருக்கிறேன். இப்போது என் சோதனைப் பட்டியலில் சிலி, டோங்கா, அலாஸ்கா மூன்றும் இருக்கின்றன. ஒன்று தென்மேற்கு, ஒன்று தேதிக்கோட்டை ஒட்டி, ஒன்று வடமேற்கு.

நேரத்தில் விழுந்த அடி சிறியது. பட்டியலில் நேரம் 1970 தொடங்கி மில்லிவிநாடிகளில் வருகிறது. ஆயிரத்தால் வகுக்க மறந்தால் பைத்தான் 55,000ஆம் ஆண்டையும் தாண்டிய ஒரு தேதியைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, முடியாது என்று கையை விரிக்கும். வகுத்து, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் முடிந்தது.

அடுத்ததுதான் ஆளைப் படுத்திய வேலை. திரையில் சன்னலும் எழுத்தும் காட்ட முதலில் டிகேஇன்டர் என்ற கருவியில் எழுதினேன், பைத்தானோடேயே வருகிறதே என்று. ஆங்கிலத்தில் எல்லாம் நன்றாக ஓடியது. தமிழைப் போட்டதும் 'தெற்கே' என்ற சொல்லில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'மேற்கு' என்பதிலும் அதே கதை; 'நடுக்கம்' என்பதில் டகரமும் உகரக் குறியும் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. நோட்டோ எழுத்துரு போட்டேன், லோகித் போட்டேன், மாறவில்லை. எழுத்துரு மேல் குற்றமில்லை. டிகேஇன்டருக்கு அடியில் இருக்கும் டிகே, லினக்ஸில் எழுத்துகளை வரிசையாக அடுக்குவதோடு சரி. இந்திய மொழிகளுக்குத் தேவையான இடமாற்றமும் கூட்டெழுத்தும் செய்யும் படி அதில் இல்லை. க்யூட்டி என்ற இன்னொரு கருவி அந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்திடம் விட்டுவிடுகிறது, அதற்குத் தமிழ் தெரியும். க்யூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைடுக்கு மாறி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திருப்பி எழுதினேன். தமிழில் காட்டப்போகிறவர்கள் முதல் வரியிலேயே 'கொடுக்கும் தெற்கே' என்று ஏதாவது எழுதிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம்.

இடப்பெயரைத் தமிழாக்குவதும் நினைத்த அளவுக்குச் சுலபமில்லை. பட்டியலில் 'இத்தனை கி.மீ., இந்தத் திசையில், இந்த ஊரிலிருந்து' என்ற வரிசையில் ஒரே சரமாக வரும். தமிழில் அதைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். பதினாறு திசைக்கும் ஒரு அட்டவணை போட்டேன். 'தெற்கு-தென்கிழக்கே' என்று எழுதும்போது எனக்கே மூச்சு வாங்கியது, எட்டாகச் சுருக்கிவிட்டேன். ஊர்ப்பெயரோடு 'இலிருந்து' சேர்க்கப் போனால் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக முடிகிறது. கடைசியில் 'ஊர்: தென்கிழக்கே 88 கி.மீ.' என்று முக்காற்புள்ளி வைத்துத் தப்பித்தேன். கடலுக்கு நடுவில் நடந்தால் ஊரே இருக்காது. அப்போது 700க்கும் மேற்பட்ட வட்டாரங்களாக உலகைப் பிரித்து வைத்திருக்கும் ஒரு பட்டியலிலிருந்து வட்டாரப் பெயர் மட்டும் வரும். இந்த இரண்டாவது வடிவத்தை நான் முதலில் கவனிக்கவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

வரைபடத்தில் ஐரோப்பாவை நடுவில் வைத்தால் பசிபிக் இரண்டாக வெட்டுப்பட்டு, டோங்கா இடது ஓரத்திலும் ஃபிஜி வலது ஓரத்திலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. பூமி அதிகம் ஆடுகிற இடத்தில் கத்தி வைப்பானேன்? 150 டிகிரி கிழக்கை நடுவுக்குக் கொண்டுவந்தேன். சிலியிலிருந்து அலாஸ்கா, ஜப்பான், இந்தோனேசியா வழியாக நியூசிலாந்து வரை, பசிபிக்கைச் சுற்றி நிலநடுக்கமும் எரிமலையும் நிறைந்த நெருப்பு வளையம் முழுசாகத் தெரிகிறது. வெட்டு 30 டிகிரி மேற்கில் அட்லாண்டிக்கில் விழுகிறது. அசோர்ஸ் தீவுக்கூட்டம் மட்டும் இரு பக்கமும் பிரிகிறது. அவர்கள் மன்னிக்கட்டும்.

வட்டத்தின் அளவு என்ன வைப்பது? நிலநடுக்கத்தின் அளவு ஒரு எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு ஏறுகிறது. அதை அப்படியே பரப்பாக்கினால் 8 திரையையே விழுங்கும், 5 கண்ணுக்கே தெரியாது. எண்ணையே ஆரமாக வைத்தால் 5க்கும் 8க்கும் வித்தியாசமே இல்லை. ஒரு எண்ணுக்கு ஒன்றரை மடங்கு ஆரம் என்று பேரம் பேசி முடித்தேன்: 3க்கு 2 பிக்சல், 5க்கு நாலரை, 8க்கு 15. அறிவியல் இல்லைதான், ஆனால் கண்ணுக்குச் சரியாக இருக்கிறது.

நிறம் ஆழத்துக்கு. 70 கி.மீ. வரை சிவப்பு, 300 வரை மஞ்சள், அதற்குக் கீழே நீலம். வெறும் அலங்காரம் என்று நினைத்துத்தான் போட்டேன். ஒரு மாதப் பட்டியலை ஏற்றி டோங்கா பக்கம் பெரிதாக்கிப் பார்த்தபோது நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். கிழக்கே அகழியை ஒட்டிச் சிவப்பு வரிசை, கொஞ்சம் மேற்கே மஞ்சள், இன்னும் மேற்கே ஃபிஜியை நோக்கி நீலம். பசிபிக் தட்டு அகழியில் மடங்கி மேற்குப் பக்கமாகக் கீழே இறங்கிக்கொண்டே போவது, பாய் நுனியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்ட மாதிரி, நிறத்திலேயே தெரிகிறது. தென்னமெரிக்காவில் அதே படம் கண்ணாடியில்: பெரு, சிலிக் கரையில் சிவப்பு, உள்நாட்டில் பொலிவியா பக்கம் நீலம். இந்துகுஷ் மலையில் கடலே இல்லாத இடத்தில் 200 கி.மீ. ஆழத்தில் மஞ்சள் குவியல். அங்கே ஆடினால் டெல்லியில் மின்விசிறி ஆடுவதன் இரகசியம் அதுதான்.

ஆழத்தைப் பார்க்கப் பார்க்க இன்னொன்று உறுத்தியது. எத்தனையோ நிலநடுக்கங்கள் மிகச் சரியாக 10 கி.மீ. ஆழத்தில். 9.7 இல்லை, 10.4 இல்லை. என் நிரல்தான் எங்கோ தசமத்தை வெட்டி முழு எண்ணாக்குகிறதோ என்று அரை நாள் தேடினேன். நிரல் நிரபராதி. பக்கத்தில் போதுமான கருவிகள் இல்லாதபோது ஆழத்தைக் கணக்கிட முடியாது. அப்போது 10 என்று நிலைநிறுத்திவிட்டு மற்றதைக் கணக்கிடுகிறார்கள். அதாவது அந்தப் 10 அளந்த எண் அல்ல, வைத்துக்கொண்ட எண். சரியாக 10 வந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடவைத்தேன்.

'எல்லாம்' பட்டியலை ஏற்றினால் உலகமே கலிஃபோர்னியாவில்தான் ஆடுகிறது என்று தோன்றும். அங்கே கருவிகள் அவ்வளவு நெருக்கம், 1.0க்குக் கீழே கூடப் பிடிபடுகிறது. சமயத்தில் கழித்தல் குறியோடு அளவு வரும். மடக்கை அளவுகோல் என்பதால் அதில் தப்பில்லை. அமெரிக்காவுக்கு வெளியே யூ.எஸ்.ஜி.எஸ். பட்டியலில் பெரும்பாலும் 4க்கு மேற்பட்டவைதான் சேரும். இந்தியாவின் சிறு அதிர்வுகளுக்கு டெல்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையத்தின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். 4.5க்கு மேல் என்ற பட்டியலுக்கு மாறியதும் கலிஃபோர்னியா அடங்கி, உலகம் சமநிலைக்கு வந்தது. இன்னும் சில சில்லறைக் குழிகள்: அளவே இல்லாமல் காலியாக வரும் பதிவு, கல்குவாரி வெடி, கடல் மட்டத்துக்கு மேலே மலைக்குள் நடந்ததால் கழித்தலில் வரும் ஆழம். ஒவ்வொன்றும் ஒரு இராத்திரி நிரலைக் கவிழ்த்துவிட்டுத்தான் அறிமுகமானது.

இப்போது அரிசி மூட்டை.

பட்டியலில் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் 'சுனாமி' என்று ஒரு புலம், அதாவது ஒரு கட்டம். மதிப்பு 0 அல்லது 1. பார்த்ததும் மகிழ்ச்சி. அம்மா கேட்கிற கேள்விக்கு விடையே கையில் வந்துவிட்டதே! 1 வந்தால் வரியைச் சிவப்பாக்கி 'சுனாமி' என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னேன். ஜூனில் அம்மா வந்து தங்கியிருந்தார்கள். ஒரு ஞாயிறு நான் காய்கறி வாங்கப் போன நேரம், அலூஷியன் தீவுகள் பக்கம் ஐந்தை ஒட்டிய ஒரு நிலநடுக்கம். புலத்தில் 1. இடப்பெயர் அந்த இரண்டாவது வடிவத்தில் வந்ததால் என் தமிழாக்கம் தோற்று, இடம் காலி. ஹாலில் திரை முழுக்கத் தெரிந்தது நேரம், சிவப்பில் சுனாமி, அவ்வளவுதான். எந்த ஊர், எந்தக் கடல், ஒன்றுமில்லை.

நான் திரும்பி வந்தபோது காரைக்காலில் பெரியம்மா வீட்டு அரிசி மூட்டை மாடிக்கு ஏறியிருந்தது. கேஸ் சிலிண்டரை ஏற்றலாமா வேண்டாமா என்று போனில் விவாதம். "மூட்டைய நான் ஒருத்தியாத் தூக்கினேன்டா" என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அன்று சாயங்காலம்தான் அந்தப் புலத்தின் விளக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். கடல் சார்ந்த வட்டாரத்தில் நடந்த பெரிய நிலநடுக்கம் என்பதற்கான குறி அது. சுனாமி வந்தது என்றோ வரும் என்றோ பொருள் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். புலத்தின் பெயரைப் பார்த்துவிட்டு மற்றதை நானாக நிரப்பிக்கொண்டேன். சிவப்பு வரியை எடுத்தாயிற்று. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பொத்தான்: 'இன்காய்ஸ் அறிவிப்பைப் பார்'. ஹைதராபாதில் இருக்கும் இந்தியச் சுனாமி முன்னறிவிப்பு மையத்தின் பக்கத்தைத் திறக்கும். 2004க்குப் பிறகு கட்டி, 2007இலிருந்து இயங்குகிற மையம். அலை வருமா என்பதைச் சொல்ல அவர்களிடம் கடலுக்கடியில் அழுத்தமானிகளும் அலைமானிகளும் இருக்கின்றன. என்னிடம் இருப்பது ஒரு புலம்.

அந்த வாரம் பழைய தரவை ஓட்டிப் பார்க்கும் வசதியும் சேர்த்தேன். தேதியைக் கொடுத்தால் யூ.எஸ்.ஜி.எஸ். பழைய பட்டியலையும் தரும். ஒரு கேள்விக்கு 20,000 பதிவுதான் உச்சம். 2004 டிசம்பர் 26ஐ ஓட்டினேன். நம் நேரம் காலை 6:28க்குச் சுமத்ராவின் வடமேற்கு ஓரத்தில் 9.1, ஒற்றை வட்டம். பிறகு புள்ளிகள் வடக்கே ஏறத் தொடங்கின. பத்து மணிக்குள் நிக்கோபார் பக்கம் 7ஐத் தாண்டிய இன்னொரு வட்டம். மதியத்துக்குள் அந்தமான் வரை ஒரு கோடாகவே ஆகிவிட்டது, பிளவு கிழிந்த நீளம் முழுக்க, 1,300 கி.மீ. சொச்சம். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது எத்தனை மணி?" என்று ஓரிடத்தில் கேட்டார்கள். ஒன்பது என்றேன். ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த பாடம் ஜூலை 30 விடியற்காலை. 7க்கு மேல் வந்தால் மணி அடிக்கச் சொல்லியிருந்தேன். அப்படிப்பட்டவை உலகத்துக்கே ஆண்டுக்குச் சராசரி 15 என்பதால் தொந்தரவு இருக்காது என்று கணக்கு. 4:54க்குக் காம்சட்காவுக்கு அப்பால் கடலில் நடந்தது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது: 8.0. எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தேன். மறுபடி மணி: 8.7. மறுபடியும்: 8.8. "அதைப் பிடுங்கிப் போடுறீங்களா, நான் பிடுங்கட்டுமா?" என்று வீட்டில் குரல். மூன்றும் ஒரே நிலநடுக்கம்தான். பதிவில் எது மாறினாலும் புதிது என்று நிரல் எடுத்துக்கொண்டிருந்தது.

மணியைச் சரிசெய்வது எளிது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் வெவ்வேறு நிலையங்கள் கொடுத்த அடையாள எண்கள் எல்லாம் சேர்ந்த ஒரு புலம் உண்டு; அதில் ஒன்று ஏற்கெனவே பார்த்ததாக இருந்தால் வாயை மூடு, அவ்வளவுதான். யோசிக்க வைத்தது அந்த எண்தான். 8.0க்கும் 8.8க்கும் ஆற்றலில் 16 மடங்கு வித்தியாசம். மிகப் பெரிய நிலநடுக்கத்தில் பிளவு கிழிந்து முடிக்கவே நிமிடங்கள் ஆகும், அதன் முழு அளவைச் சொல்லும் நீண்ட அலைகள் தூரத்துக் கருவிகளுக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். 2011இல் ஜப்பானிலும் முதல் கணக்கு 7.9, கடைசியில் 9.0, முதல் சுனாமி எச்சரிக்கை அந்த 7.9ஐ வைத்துத்தான் போனது. டிவியில் 'ரிக்டர் அளவில்' என்று ஒரே எண்ணாக வாசித்துவிடுகிறார்கள். அது ரிக்டரும் இல்லை, ஒரே எண்ணும் இல்லை.

அதனால் பலகையில் இப்போது பழைய எண்ணை அழிப்பதில்லை. 8.0, 8.7, 8.8 என்று பக்கத்தில் பக்கத்தில், பழையது மங்கலாக நிற்கும். பட்டியலில் 'தானியங்கி', 'சரிபார்த்தது' என்று ஒரு நிலைக் குறிப்பும் வருகிறது. அம்மாவுக்காக அதை 'கம்ப்யூட்டர் கணக்கு', 'ஆள் பார்த்தது' என்று எழுதினேன். அன்று காலை அம்மா கூப்பிடுவதற்குள் இன்காய்ஸ் பக்கத்தில் இந்தியாவுக்கு ஆபத்தில்லை என்று வந்திருந்தது, வாசித்துக்காட்டினேன். மூட்டை கீழேயே இருந்தது.

இன்னும் பாக்கி இருக்கிறது. பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் வரும் பின்னதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து திரையில் குழம்பாகிவிடுகின்றன, அதைப் பிரித்துக் காட்ட வழி தெரியவில்லை. வலைத் தொடர்பு அறுந்தால் பழைய பட்டியலையே புதிது மாதிரி காட்டிக்கொண்டிருக்கிறது. 'கடைசியாகக் கேட்ட நேரம்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அம்மா ஊருக்குப் போகும்போது பழைய லேப்டாப்பையே கொடுத்தனுப்பிவிட்டேன், இப்போது காரைக்காலில் டிவிக்குப் பக்கத்தில் ஓடுகிறது. போன வாரம் போன். இந்தோனேசியாவில் எங்கோ ஒன்று, டிவியில் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"உனக்கு எதுக்குப் போன் பண்ணேன்னா, இங்க ஆழம் பத்துன்னு போட்டு நட்சத்திரம் போட்டிருக்கு. இன்னும் கம்ப்யூட்டர் கணக்குன்னுதான் இருக்கு. ஆள் பாக்க எவ்ளோ நேரம்டா ஆகும்?"

"தெரியலம்மா, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பொத்தான அமுக்கிப் பாத்தியா?"

"அது அப்பவே பாத்துட்டேன். ஒண்ணுமில்லையாம். பெரியம்மாகிட்டயும் சொல்லியாச்சு."